லால்பாக்: அரசத் தோட்டம் மக்கள் தோட்டமான வரலாறு

பெருநாள் விடுமுறைகளிலும் பள்ளி விடுமுறைகளிலும் வாணியம்பாடி, ஆம்பூர், கிருஷ்ணகிரி முதலிய ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பெங்களூர் செல்வோர் தவறாது காணும் இடங்களுள் ஒன்று லால்பாக் தாவரவியல் பூங்கா. கட்டுச்சோற்றுடன் காலையில் நுழைந்து, கண்ணாடி மாளிகையையும் ஏரியையும் பாறைக் குன்றையும் கண்டு, மாலையில் களைப்புடன் திரும்புவது அவர்தம் வழக்கம். 1760-ஆம் ஆண்டில் ஹைதர் அலியால் தொடங்கப்பெற்ற தோட்டம் இது என்னும் செய்தியை அவர்களிற் பலர் அறிந்தே இருப்பர். ஆயினும் அச்செய்தி பொருட்காட்சியில் ஒட்டிய பெயர்ச்சீட்டைப் போலவே நின்றுவிடுகிறது. ஒரு படைத்தலைவர் ஏன் தோட்டம் போட்டார்? அத்தோட்டத்தின் அமைப்பு எங்கிருந்து வந்தது? அரசர்க்குரியதாய் இருந்த அது எவ்வாறு அனைவர்க்கும் உரியதாயிற்று? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுவனமும் சோலையும்

தோட்டத்தைக் குறிக்க அரபு மொழியில் பல சொற்கள் உள. அவற்றுள் தலையாயது 'ஜன்னத்'. மூடுதல், மறைத்தல் என்னும் பொருள் தரும் வேரிலிருந்து பிறந்த சொல் இது. மரங்களின் செறிவால் நிலம் மறையும் இடமே ஜன்னத். 'ஃபிர்தவ்ஸ்' என்னும் மற்றொரு சொல்லோ மதில் சூழ்ந்த பூங்காவைக் குறித்த பழைய ஈரானிய மொழிச் சொல்லோடு உறவுடையது. மறுமையின் பேரின்ப வீட்டைத் திருக்குர்ஆன் ஆறுகள் பாயும் சோலையாகவே சித்திரிக்கிறது. ஆகவே, முஸ்லிம் மன்னர்கள் சென்ற இடமெல்லாம் நீரையும் நிழலையும் ஒருங்கே தேடியதில் வியப்பில்லை.

எனினும், தோட்டம் என்பது இன்பத்தின் குறியீடாக மட்டும் இஸ்லாமிய மரபில் நின்றுவிடவில்லை. ஒருவர் நடும் மரத்திலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது நட்டவர்க்குத் தர்மமாக அமையும் என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். உலக முடிவு நெருங்கிவிட்ட வேளையிலும் கையிலுள்ள கன்றை நட்டுவிடுக என்னும் கருத்தமைந்த நபிமொழியும் உண்டு. முதற்கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள், சிரியாவுக்குச் சென்ற படைத்தலைவர்க்கு இட்ட கட்டளைகளில் கனிதரும் மரங்களை வெட்டலாகாது என்பதும் ஒன்று. முஸ்லிம் படைகள் யாவும் எக்காலத்தும் இக்கட்டளையைப் பேணின என்று வரலாறு கூறாது. ஆனால், மீறியவரை அளப்பதற்கு ஓர் அளவுகோல் முன்னரே வகுக்கப்பட்டிருந்தது என்பதே நாம் கருதத்தக்கது.

குர்துபாவின் பாடம்

தாவரங்களைச் சேர்த்து, பெயரிட்டு, பழக்கி, ஆராயும் தோட்டமே தாவரவியல் தோட்டம். ஐரோப்பாவில் இத்தகைய தோட்டங்கள் பல்கலைக்கழகங்களின் அங்கமாகப் பதினாறாம் நூற்றாண்டில் தோன்றின என்பர். 1545-இல் நிறுவப்பெற்ற பாதுவா நகரத் தோட்டம் தோன்றிய இடத்திலேயே இன்றும் நிலைத்திருப்பதால், 1997-இல் உலக மரபுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. அப்பெருமை அதற்கு உரியதே. ஆனால், அதற்குச் சில நூற்றாண்டுகள் முன்னரே அந்தலூசிய மண்ணில் நிகழ்ந்தவற்றை நாம் மறந்துவிடலாகாது.

உமய்யாக்களின் வீழ்ச்சிக்குப் பின் சிரியாவிலிருந்து தப்பிச் சென்று, 756-இல் குர்துபாவில் ஆட்சியை நிறுவிய முதலாம் அப்துர் ரஹ்மான், நகருக்கு வெளியே ஒரு மாளிகையும் தோட்டமும் அமைத்து 'ருஸாஃபா' எனப் பெயரிட்டார். அவருடைய பாட்டனார் கலீஃபா ஹிஷாம் சிரியாவில் வாழ்ந்த ஊரின் பெயர் அது. சிரியாவிலிருந்து விதைகளும் கன்றுகளும் தருவிக்கப்பட்டன. அங்கிருந்து வந்த மாதுளையொன்றை ஸஃபர் என்பார் தம் நிலத்தில் முளைப்பித்து வளர்த்ததால், அவ்வினம் 'ஸஃபரீ' என்றே வழங்கலாயிற்று. இழந்த தாயகத்தின் ஏக்கம் ஒரு மன்னரைத் தாவரம் சேகரிப்பவராக ஆக்கிற்று எனலாம்.

பதினோராம் நூற்றாண்டில் துலைத்துலா மன்னர் அல்-மஃமூனின் தோட்டத்தில் மருத்துவ அறிஞர் இப்னு வாஃபிதும் வேளாண் அறிஞர் இப்னு பஸ்ஸாலும் பணியாற்றினர். 1085-இல் அந்நகர் கைமாறியபோது இப்னு பஸ்ஸால் இஷ்பீலியா சென்று, அங்கும் ஒரு தோட்டத்தை உருவாக்கினார். அவர் வழிவந்த அறிவே பின்னர் இப்னுல் அவ்வாமின் பெருநூலான 'கிதாபுல் ஃபிலாஹா'வில் திரண்டது. மாலகா வட்டாரத்தில் பிறந்து, 1248-இல் திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தார் ஏறத்தாழ 1400 மருந்துப் பொருள்களைத் தொகுத்துரைத்தார்.

இவ்விடத்தில் ஒன்றை அழுத்திக் கூற விரும்புகிறோம். நம் மேடைகளில் இத்தகைய செய்திகள், 'எல்லாம் எம்மவர் கண்டதே' என்னும் முழக்கமாக ஒலிப்பதுண்டு. வரலாறு அவ்வாறு இல்லை. பத்தாம் நூற்றாண்டின் நடுவில் பைசாந்தியப் பேரரசர், கிரேக்க அறிஞர் தியோஸ்கோரிதீஸின் மூலிகை நூலைப் படங்களுடன் மூன்றாம் அப்துர் ரஹ்மானுக்குப் பரிசாக அனுப்பினார். குர்துபாவில் கிரேக்கம் வல்லார் இல்லை. எனவே, நிக்கொலாஸ் என்னும் கிறித்தவத் துறவி வரவழைக்கப்பட்டார். யூத அறிஞர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத்தும் முஸ்லிம் மருத்துவர்களும் அவருடன் அமர்ந்து, நூலிற் கண்ட பெயர்கள் எந்தெந்தச் செடிக்குரியவை என ஒவ்வொன்றாக ஆய்ந்து தெளிந்தனர். இதனை நமக்குக் கூறுபவர் அக்காலத்து மருத்துவர் இப்னு ஜுல்ஜுல். மூன்று சமயத்தார் ஓரிடத்தில் கூடிச் செடிகளுக்குப் பெயர் கண்ட அந்நிகழ்ச்சியே குர்துபா நமக்குத் தரும் பாடம். லால்பாக்கின் வரலாற்றிலும் இப்பாடம் வேறுருவில் மீண்டும் வருவதைக் காண்போம்.

நாற்கூறுத் தோட்டம் தெற்கே வந்த வழி

நீரோடைகளாலும் நடைவழிகளாலும் நான்காகப் பகுக்கப்படும் 'சார்பாக்' என்னும் அமைப்பு பாரசீக மரபினது. பாபர் அதனை இந்தியாவுக்குக் கொணர்ந்தார். இன்றைய ஆப்கானிஸ்தானத்தில் தாம் அமைத்த 'பாகே வஃபா' என்னும் தோட்டத்தில், லாகூரைக் கைப்பற்றியபின் அங்கிருந்து வாழைக்கன்றுகளைக் கொணர்ந்து நட்டதாக அவர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். ஓரிடத்துப் பயிரை மற்றோரிடத்து மண்ணில் வைத்துப் பார்க்கும் ஆர்வம் அவரிடம் இருந்தது. இதுவே தாவரவியல் தோட்டத்தின் கருவாகும்.

தோட்டம் போடுவது எளிது, காப்பதே அரிது. இதனை மொகலாயர் உணர்ந்திருந்தனர். தாஜ்மஹாலுக்கு 30 ஊர்களின் வருவாயும், அதனையொட்டிய கடைவீதி, சத்திரங்களின் வருவாயும் வக்ஃபாக எழுதிவைக்கப்பட்டன. கட்டடமும் தோட்டமும் கெடாது நிற்க நிலையான வருவாய் வேண்டும் என்பதே இவ்வேற்பாட்டின் உட்கருத்து.

பொதுமக்கள் உலாவும் சோலைவழிகளும் முஸ்லிம் நாடுகளில் இருந்தன. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஷா அப்பாஸ் இஸ்ஃபஹானில் அமைத்த 'சஹார்பாக்' பெருவழி மரவரிசைகளும் நீரோடையும் கொண்டது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதன்கிழமைகளில் அவ்வழி மகளிர் உலாவுக்கென்றே ஒதுக்கப்பட்டதாகப் பதிவு உண்டு. குடும்பத்தாரும் மகளிரும் பசுமையிடையே காற்று வாங்கச் செல்வது அண்மைக்கால நாகரிகம் என எண்ணுவோர் இதனைக் கருத்திற்கொள்ளல் நலம்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் கர்நாடகப் பகுதியின் மொகலாய ஆட்சித் தலைநகராகச் சீரா நகர் விளங்கிற்று. அங்கு ஆளுநர்கள் அமைத்திருந்த தோட்டமே பெங்களூர்த் தோட்டத்திற்கு முன்மாதிரியாயிற்று என்பர். ஆக, சமர்கந்து, காபூல், தில்லி, சீரா எனப் படிப்படியாகத் தெற்கே இறங்கிய ஒரு மரபின் கடைசிக் கண்ணியாக ஹைதர் அலியின் தோட்டம் அமைகிறது.

இரண்டு லால்பாக்குகள்

மைசூர் அரசின் படைத்தலைவராயிருந்து பெங்களூரைச் சாகீராகப் பெற்ற ஹைதர் அலி, 1760-இல் கோட்டைக்குத் தெற்கே ஏறத்தாழ 40 ஏக்கர் நிலத்தில் இத்தோட்டத்தைத் தொடங்கினார். செந்நிற ரோஜாக்கள் மிகுந்திருந்தமையால் 'லால்பாக்' எனப் பெயர் பெற்றது என்பது பரவலான விளக்கம். தில்லி, லாகூர், முல்தான், ஆர்க்காடு ஆகிய இடங்களிலிருந்து கன்றுகள் வந்தன என்பர்.

தந்தையின் பணியைத் திப்பு சுல்தான் விரிவாக்கினார். அவருக்குத் தோட்டம் பொழுதுபோக்கன்று. அரசின் பொருளாதாரத் திட்டத்தின் ஓர் அங்கம். பட்டுத்தொழிலை மைசூரில் வேரூன்றச் செய்ய வங்காளத்திலிருந்து பட்டுப்புழுக்களைத் தருவித்தார். முசுக்கொட்டை பயிரிடச் செய்தார். 1787-இல் புதுச்சேரியிலிருந்து கடல்வழியே புறப்பட்டு, 1788 ஆகஸ்டில் பதினாறாம் லூயியைக் கண்ட அவருடைய தூதுக்குழு, போர் உதவியை மட்டும் கேட்கவில்லை. கைவினைஞர்களையும் விதைகளையும் செடிகளையும் தோட்டக்கலை வல்லாரையும் சேர்த்தே கேட்டது. நாட்டின் நலம் பீரங்கியால் மட்டும் நிலைபெறுவதன்று என்பதை அவர் அறிந்திருந்தார்.

திப்பு மறைந்த மறு ஆண்டு, 1800-இல், ஆங்கிலத் தலைமை ஆளுநரின் ஆணைப்படி மைசூர் நாட்டை ஆராயவந்த பிரான்சிஸ் புக்கானன் இத்தோட்டத்தைக் கண்டு எழுதிய குறிப்பு மிக இன்றியமையாதது. நடைவழிகளால் பிரிக்கப்பட்ட சதுரப் பாத்திகளையும், வழிகளின் இருமருங்கும் நின்ற சைப்ரஸ் மரங்களையும் அவர் விவரிக்கிறார். ஒவ்வொரு பாத்தியையும் ஒரேவகைச் செடிக்கென ஒதுக்குவது முஸ்லிம்களின் முறை என்கிறார். ரோஜாவுக்கு ஒன்று, மாதுளைக்கு ஒன்று என அவை அமைந்திருந்தன. கொடிமுந்திரி செழித்ததையும், ஆப்பிளும் பீச்சும் காய்த்ததையும் குறிக்கிறார். தாவரவியல் கற்ற ஓர் ஆங்கில அலுவலரின் கண் வழியே, திப்புவின் தோட்டத்தை நாம் இன்று காண முடிகிறது.

இங்கே மற்றொரு லால்பாக்கையும் நினைவுகூர்தல் வேண்டும். ஸ்ரீரங்கப்பட்டணத் தீவின் கீழ்க்கோடியில் அதே பெயரில் திப்புவுக்கு ஒரு தோட்டமும் மாளிகையும் இருந்தன. 1792-இல் கார்ன்வாலிஸின் படைகள் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டபோது, அத்தோட்டத்தின் சைப்ரஸ் மரங்கள் முற்றுகைக் கருவிகளுக்காக வெட்டி வீழ்த்தப்பட்டன, மாளிகை மருத்துவமனையாக்கப்பட்டது. பின்னாளில் அம்மாளிகையும் மறைந்தது. ஹைதரும் அவர்தம் துணைவியாரும், 1799 மே 4-இல் போர்க்களத்தில் வீரமரணம் எய்திய திப்புவும் அடங்கியுள்ள கும்பஸ் மட்டும் அவ்விடத்தில் எஞ்சி நிற்கிறது. ஒரே மன்னரின் இரு தோட்டங்களுள் ஒன்று போருக்கு இரையாயிற்று, மற்றொன்று பிழைத்தது. பிழைத்தது ஏன் என்பதே அடுத்து நாம் காணவேண்டியது.

பயன் கருதிக் காத்தவர்கள்

பெங்களூர் லால்பாக் பிழைத்தது வென்றவர்களின் பெருந்தன்மையால் அன்று. அது அவர்களுக்கும் பயன்பட்டது என்பதால்தான். கும்பினிப் படையின் அலுவலர் கில்பர்ட் வா என்பாரின் பொறுப்பில் இருந்த தோட்டம், 1819-இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் கிளையாக நத்தானியேல் வாலிச்சின் மேற்பார்வைக்கு வந்தது. பயிர்களைப் பழக்கிப் பார்க்க ஏற்ற தட்பவெப்பம் பெங்களூருக்கு இருந்தது. பின்னர்ப் பல கைகள் மாறி, சென்னையில் பிறந்த தாவரவியலறிஞர் ஹியூ கிளெகார்னின் அறிவுரைப்படி 1856-இல் அரசு தாவரவியல் தோட்டமாக அறிவிக்கப்பட்டது. இலண்டன் கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் நியூ பொறுப்பேற்றார்.

1874-இல் வந்த ஜான் கேமரனின் காலம் தோட்டத்தின் பொற்காலங்களுள் ஒன்று. 1889 நவம்பர் 30-இல் இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகை அவர் காலத்தது. நம் சமையற்கட்டில் 'பெங்களூர்க் கத்திரிக்காய்' என்றும் சௌசௌ என்றும் வழங்கும் காய் அமெரிக்கக் கண்டத்துக்குரியது. அது லால்பாக் வழியாகவே இப்பக்கங்களில் பரவிற்று என்பர். பெயரே அவ்வரலாற்றைச் சொல்கிறது. 1908 முதல் 1932 வரை பொறுப்பிலிருந்த ஜெர்மானியர் கிரும்பீகல் பெங்களூர்த் தெருக்களுக்கு மரவரிசைகளை அளித்தார். விடுதலைக்குப் பின் எம்.எச். மரிகவுடா கர்நாடகமெங்கும் தோட்டக்கலையை வளர்த்தார். 40 ஏக்கர் இன்று 240 ஏக்கராக விரிந்துள்ளது.

அரசர் தோட்டம் மக்கள் தோட்டமான கதை இதுவே. இதனை முற்றிலும் மொகலாயப் பாணித் தோட்டம் என்பதும் முழு உண்மையன்று. ஆங்கிலேயரின் கொடை என்பதும் முழு உண்மையன்று. சதுரப் பாத்திகளின் மேல் கியூ தோட்டத்தின் வளைவழிகள் வந்து படிந்தன. அடியில் இருப்பது ஹைதரின் நிலம்.

பெயர் எழுதப்படாத கைகள்

மன்னர்களையும் மேற்பார்வையாளர்களையும் பட்டியலிடும் வரலாறு, மண்வெட்டி பிடித்தவர்களை மறந்துவிடுகிறது. பெங்களூரின் தோட்டப் பயிர்த்தொழில் நெடுங்காலமாகத் திகளர் என்னும் சமூகத்தார் கையில் இருந்தது. அவர்களுள் பெரும்பகுதியினர் தமிழ் வழிவந்தோர். தமிழ் கலந்த பேச்சுடையோர். புக்கானனும் பெங்களூர் வட்டாரத்தில் தமிழ் வழிவந்த தோட்டக்காரச் சமூகத்தைக் குறிக்கிறார். ஹைதர் தமிழகத்திலிருந்து இவர்களை அழைத்துவந்தார் என்னும் வழக்கு ஒன்றுண்டு. அதற்கு முன்னரே இவர்கள் ஏரிப்பாசன நிலங்களில் குடியேறியிருந்தனர் என்பாரும் உளர். எவ்வாறாயினும், ஒரு முஸ்லிம் மன்னரின் நகரில் நாற்றுவிட்டு நீர்பாய்ச்சி வளர்த்த கைகளுள் தமிழ் பேசிய கைகளும் இருந்தன என்பது மறுக்கவியலாதது.

இச்சமூகத்தார் ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவையொட்டி நடத்தும் கரகத் திருவிழா பெங்களூரின் பெருவிழாக்களுள் ஒன்று. தர்மராயர் கோயிலிலிருந்து புறப்படும் கரக ஊர்வலம் நள்ளிரவுக்குப் பின் ஹஸ்ரத் தவக்குல் மஸ்தான் (ரஹ்) அவர்களின் தர்காவுக்கு வந்து மரியாதை செலுத்திச் செல்வது மரபு. எவரும் ஆணையிட்டு நடப்பதன்று இது. பக்கத்தில் பக்கமாக வாழ்ந்து, ஒரே நீரைப் பாய்ச்சி, ஒரே சந்தையில் விற்ற மக்களின் வாழ்விலிருந்து விளைந்த வழக்கம். குர்துபாவில் துறவியும் யூதரும் முஸ்லிமும் செடிகளுக்குப் பெயர் கண்டதைப் போன்றே, பெங்களூரில் தோட்டக்காரரும் சுல்தானும் சூஃபியும் ஒரே வரலாற்றின் பங்காளிகளாயினர்.

குடும்பத்தோடு செல்வோர்க்கு

திப்பு சுல்தானைக் குறித்த மாறுபட்ட கருத்துகள் அண்மைக்காலத்தில் கடுமையாக மோதியுள்ளன. 2015-இல் கர்நாடக அரசு தொடங்கிய திப்பு பிறந்தநாள் விழா, 2019-இல் கைவிடப்பட்டது. பாடநூல்களில் அவருக்குரிய இடமும் விவாதத்துக்குள்ளாயிற்று. மேடையில் எழும் குரலுக்கு எதிர்க்குரல் எழுப்புவது எளிது. ஆனால், குழந்தைகளின் உள்ளத்தில் வரலாறு பதிவது குரலால் அன்று. கண்டதாலும் தொட்டதாலுமே பதிகிறது. அவ்வகையில் லால்பாக், விலையில்லாப் பாடநூல் போன்றது.

அங்குச் செல்லும் பெற்றோர் ஒரு சிறு முயற்சி மேற்கொள்ளலாம். நுழைந்தவுடன் பாறைக் குன்றுக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். 300 கோடி ஆண்டுகள் பழமையானது என நிலவியலார் கூறும் அப்பாறையின்மேல் நிற்கும்போது, மன்னர்களின் ஆட்சிக்காலம் எத்துணைச் சிறியது என்பது விளங்கும். அடுத்து, திப்பு காலத்தவை எனச் சொல்லப்படும் மாமரங்களையும், பருத்த அடிவேர்களுடன் நிற்கும் பழைய இலவ மரத்தையும் காட்டுங்கள். மரங்களில் தொங்கும் பெயர்ப்பலகைகளைப் பிள்ளைகளையே படிக்கச் சொல்லுங்கள். எந்த மரம் எந்த நாட்டிலிருந்து வந்தது எனக் கேளுங்கள். ஆதம் (அலை) அவர்களுக்கு இறைவன் பெயர்களைக் கற்பித்தான் என்பது திருமறை தரும் செய்தி. ஒரு மரத்தின் பெயரை அறிவதும் அக்கல்வியின் ஒரு துளியே.

பூவைப் பறியாமலும், உணவு மிச்சங்களைப் புல்தரையில் எறியாமலும், மரப்பட்டையில் பெயர் கீறாமலும் திரும்புவது நாகரிகம் மட்டுமன்று. மார்க்கக் கடமையும் ஆகும். குடியரசு நாள், விடுதலை நாள் ஆகியவற்றையொட்டி நடைபெறும் மலர்க் கண்காட்சிகளில் இலட்சக்கணக்கானோர் கூடுகின்றனர். ஒவ்வொருவரும் ஓர் இலையைக் கிள்ளினால் என்னாகும் என எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஸ்ரீரங்கப்பட்டணத்து லால்பாக்கைப் பகைவரின் கோடரி அழித்தது. பெங்களூர் லால்பாக்கை அத்தகைய கோடரி அழிக்கப்போவதில்லை. ஆனால், யார் நட்டார், யார் நீரூற்றினார், யார் காத்தார் என்பதை அறியாத தலைமுறையின் அசட்டை கோடரிக்குக் குறைந்ததன்று. நட்டவர்க்குத் தர்மத்தின் நன்மை மரம் உள்ளளவும் சேரும் என்பது நம் நம்பிக்கை. அம்மர நிழலில் அமர்ந்து உண்பவர்க்கும் ஒரு கடன் உண்டு. நட்டவரை நன்றியோடு நினைப்பதும், அடுத்து வருவோர்க்கு அந்நிழலைக் குறையாமல் விட்டுச் செல்வதுமே அக்கடன்.